ஆளுக்கு இரண்டு எழுத்து

சாந்தா எமிலியானா பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தவுடன் புத்தகம் வராது. டாக்டர் ரெமெடியோஸ் கஸ்பில்லோ வருவார். நூலக இயக்குநர் அவர்தான். முத்து மாலையும் அன்னாசி நார்ச் சட்டையுமாகத் திரை முழுக்க நின்று, வாசிப்பின் பெருமையைப் பற்றி ஏழு நிமிடம் பேசுவார். பேசி முடித்ததும் விலகிக்கொள்வார். அவருக்குப் பின்னால் புத்தகம் தேடும் பெட்டியும் மற்ற சேவைகளும் இருந்தன.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாதுகாப்பு கருதி அந்தப் பக்கம், உள்ளே வந்த எவரையும் ஐந்தாவது நிமிடம் வெளியே அனுப்பிவிடும்.

விசாரணை மேசையில் உட்காரும் ஆர்லின் நொப்ளேசா இதைக் கணினிப் பிரிவின் தலைவர் இஞ்சினியர் தும்தும்மிடம் போய்ச் சொன்னாள். அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டார்.

“பேச்சு டைரக்டர் ஆபீஸோடது. அஞ்சு நிமிஷம் எங்களோடது. ரெண்டும் தனித்தனியா சரியாத்தானே வேலை செய்யுது, மேம்?”

“சேர்ந்து வேலை செய்யலையே, சார்.”

“சேர்ந்து வேலை செய்யறது எந்தப் பிரிவுக்கு வருது, சொல்லுங்க? அப்படி ஒரு பிரிவு நம்மகிட்ட இல்ல.”

பிலிப்பைன்ஸின் இந்த இலோயிலோ நகரத்தில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. வேலையை விட்டுத் தூக்கினால்கூடத் தொட்டிலை ஆட்டுகிற மாதிரிதான் சொல்வார்கள். ஆர்லினுக்கும் அந்த ஊர்க் குரல்தான். அவள் எவ்வளவு கோபமாகப் புகார் சொன்னாலும் கேட்பவர்களுக்குக் கண் செருகியது.

முன்பெல்லாம் மாணவர்கள் சமாளித்தார்கள். புத்தகம் வேண்டுமென்றால் நேரே மேசைக்கு வந்து கேட்டார்கள். சிலர் படகேறி எதிர்க்கரையில் இருக்கும் கிமாராஸ் தீவுக்குப் போனார்கள். அங்கே இணையம் அவ்வளவு மெதுவாக வரும் என்பதால் டாக்டர் கஸ்பில்லோ வந்து சேர்வதற்குள் தேடும் பெட்டி வந்துவிடும். இந்தச் செய்தி தும்தும் காதுக்கு எட்டியதும் அவர் அந்தக் கோளாறைச் சரிசெய்தார். இயக்குநர் வரும்வரை வேறெதுவும் வராது என்று ஆக்கினார்.

இந்த வருடம் விஷயம் முற்றிவிட்டது. பட்டமளிப்பு விழாவில் பட்டம் வாங்க வேண்டுமானால், நூலகத்துப் புத்தகம் எதுவும் கையில் இல்லை என்ற சான்று வேண்டும். காகிதமில்லா நிர்வாகம் வந்துவிட்டதால் அந்தச் சான்றை இணையப் பக்கத்தில்தான் எடுக்க முடியும். ஜோவிலின் பந்தியோலா என்ற செவிலியர் மாணவி ஆர்லினின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மலைப்பக்கத்துக் கிராமத்துப் பெண். குடும்பத்தில் முதல் பட்டம்.

“மேம், புத்தகத்தை எல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன். நீங்கதான் வாங்கிக்கிட்டீங்க.”

“ஆமா, நாந்தான் வாங்கினேன்.”

“அப்ப நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்களேன்.”

“என் கையெழுத்து செல்லாதும்மா. இணையப் பக்கத்துல போய் பட்டனை அமுக்கணும்.”

“பட்டனுக்கு முன்னாடி டைரக்டர் மேம் நிக்கறாங்களே!” ஜோவிலின் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். “எங்க அப்பா விருந்துக்குன்னு பன்னி வளர்த்தார். அது பாட்டுக்கு வளருது. இப்ப கொட்டில் கதவுல நுழைய மாட்டேங்குதாம்.”

அன்று ஆர்லின் இயக்குநரின் அறைக்குப் போனாள். சில மாதங்களுக்கு முன் செபு நகரில் ஒரு பயிலரங்கத்தில் ஒரு மென்பொருளைப் பார்த்திருந்தாள். ஒரு பக்கத்தை மக்களால் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பது அதன் வேலை. யார் எங்கே தொடுகிறார்கள், எங்கே திணறுகிறார்கள், அப்போது அவர்கள் முகம் எப்படிப் போகிறது, என்ன முனகுகிறார்கள் என்று எல்லாவற்றையும் பதிவு செய்யும். அதைக் காட்டினால் கல்லும் கரையும் என்று நம்பினாள்.

டாக்டர் கஸ்பில்லோவுக்கு ஒரு விஷயம்தான் காதில் விழுந்தது.

“என்னைப் பார்க்கறப்ப பசங்க முகம் எப்படி இருக்குன்னு அதுல தெரியுமா?”

“தெளிவாத் தெரியும், மேம்.”

“உடனே வாங்கிடு.”

*

ஒன்றே ஒன்று வாங்கினார்கள். ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல். நூலகத்தின் ஐந்து பிரிவுகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

தொடக்க விழாவுக்கு நுழைவாயிலில் பெரிய பதாகை கட்டினார்கள். அதில் இயக்குநரின் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது; மென்பொருளின் பெயர் முத்து மாலைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. பாதிரியார் வந்து மடிக்கணினியை ஆசீர்வதித்துத் தீர்த்தம் தெளித்தார். அது உடனே அணைந்துபோனது. வேறொன்று கொண்டுவந்தார்கள்; அதைச் சற்றுத் தள்ளி நின்று ஆசீர்வதித்தார். பிறகு டாக்டர் கஸ்பில்லோ பேசினார்.

“பகிர்தல் என்றால் என்ன? என்னிடம் இருப்பதை நீ கேட்பதா? இல்லை. அது ஆசை. உன்னிடம் இருப்பதை நான் கேட்பதா? அது நிர்வாகம். யாரிடமும் முழுதாக இல்லாமல் எல்லோரிடமும் கொஞ்சம் இருப்பதுதான் பகிர்தல். இந்த நூலகத்தில் அறிவை அப்படித்தான் பகிர்ந்து வைத்திருக்கிறோம்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தட்டுகளில் பன்சித் நூடுல்ஸும் புத்தோ அரிசிக் கேக்கும் வந்தன.

மறுநாள் சொத்துக் கண்காணிப்பாளர் எபிஃபானியோ கையில் ஒரு ஒட்டுச்சீட்டோடு ஆர்லினின் மேசைக்கு வந்தார். பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு நாற்காலியிலும் குப்பைக் கூடையிலும் அவர் ஒட்டிய சீட்டு இருக்கும். ஒருமுறை ஓய்வுபெறப்போன ஒரு பேராசிரியரின் முதுகில்கூட ஒட்டிவிட்டார் என்று பேச்சு உண்டு.

“நீங்கதான் பொறுப்பாளர்னு பேர் வந்திருக்கு. பொருளை எடுங்க, ஒட்டணும்.”

ஆர்லின் திரையைக் காட்டினாள்.

“இது மடிக்கணினி. இதுக்கு ஏற்கனவே ஒட்டியாச்சு. மென்பொருள் எங்க?”

“அது இணையத்துல இருக்கு, மனோங்.” அந்த ஊரில் மூத்த ஆணை மனோங் என்றும், மூத்த பெண்ணை மனாங் என்றும்தான் கூப்பிடுவார்கள்.

“அப்ப இங்க இல்ல.”

“இருக்கு. தொட முடியாது, அவ்வளவுதான்.”

எபிஃபானியோ அவளை இரக்கத்தோடு பார்த்தார். “மேம், தொட முடியாத ஒண்ணை நான் ஞாயித்துக்கிழமை கோயில்ல நம்பறேன். ஆபீஸ்ல நம்ப முடியாது. சீட்டு ஒட்ட எடம் இல்லேன்னா பொருள் தொலைஞ்சுபோச்சுன்னு எழுத வேண்டியதுதான். அப்புறம் உங்க ஓய்வூதியத்துல கை வெப்பாங்க.”

ஆர்லின் சுற்றுமுற்றும் தேடினாள். மேசை இழுப்பறையில் பிஸ்கோச்சோ ரொட்டி வாங்கிய காலித் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. துகள்களைத் தட்டிவிட்டு அதை எடுத்து வைத்தாள்.

“இதுல போட்டு வெச்சிருக்கேன்.”

எபிஃபானியோ பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். “லேசா இருக்கே.”

“மென்பொருள்தானே, மனோங்.”

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. மூடியின் நடுவில் சீட்டை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டுப் போனார்.

*

பகிர்வுக் குழு கூடியது. கடவுச்சொல்லை யார் வைத்துக்கொள்வது என்பதுதான் முதல் கேள்வி. பட்டியலாக்கப் பிரிவின் தலைவி மனாங் பிலர், அது தன்னிடம் இருப்பதே மரபு என்றார். ஆவணப் பிரிவு, இதைவிடப் பழைய பொருள்களெல்லாம் தங்களிடம் இருப்பதாகச் சொன்னது. எல்லோரும் மிக இனிமையாகப் பேசினார்கள். வெளியே நின்ற காவலாளி, உள்ளே யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்தான்.

இயக்குநரின் பேச்சிலேயே விடை இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் தும்தும்.

“கடவுச்சொல்லுல பத்து எழுத்து. பிரிவு அஞ்சு. ஆளுக்கு ரெண்டு எழுத்து. யார்கிட்டயும் முழுசா இல்ல, எல்லார்கிட்டயும் கொஞ்சம் இருக்கு.”

டாக்டர் கஸ்பில்லோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என் பேச்சை ஒருத்தர் நடைமுறைக்குக் கொண்டுவர்றது இதுதான் முதல் தடவை.”

அதன்பிறகு மென்பொருளைத் திறக்க வேண்டுமானால் ஐந்து தலைவர்களும் ஒரே அறைக்கு வர வேண்டும். ஒவ்வொருவராகப் போய்த் தன் இரண்டு எழுத்தைத் தட்ட வேண்டும். மற்ற நால்வரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். ஆர்லினுக்கு எழுத்து எதுவும் கிடைக்கவில்லை. அவள் பொறுப்பாளர் மட்டும்தான்.

முதல்முறை அவள் கெஞ்சிக் கூப்பிட்டபோது எல்லோரும் வந்தார்கள். நான்கு பேர் தட்டினார்கள். ஐந்தாவதாக மனாங் பிலர் போய்த் தட்டினார். திறக்கவில்லை. மறுபடி வரிசையாகத் தட்டினார்கள். அப்போதும் திறக்கவில்லை.

“மனாங், உங்க எழுத்துல ஏதாவது பெரிய எழுத்து இருக்கா?” என்று கேட்டாள் ஆர்லின்.

“அதை நான் எப்படிச் சொல்லுவேன்? ரகசியம்.”

“ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

“இந்தா பாரு, இன்னிக்கு ஆமாம்பேன். நாளைக்கு எந்த எழுத்தும்பே. அப்புறம் பட்டியலாக்கத்துக்குன்னு என்ன மிச்சம் இருக்கு?”

மூன்றாம் முறையோடு கணக்கு பூட்டிக்கொண்டது. திறந்து தரச் சொல்லி விற்ற நிறுவனத்துக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தில் ஐந்து பேரும் கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர் மாமியார் சாவுக்குப் பக்கோலோத் நகருக்குப் போயிருந்தார்.

இதற்கிடையில் பகிர்வு நிற்கவில்லை. பெட்டி இருந்ததே! வாரத்துக்கு ஒரு பிரிவு என்று முறை போட்டு, காவலாளி துணையோடு அதைப் பிரிவு பிரிவாக எடுத்துப் போனார்கள். ஆவணப் பிரிவு அதைக் குளிரூட்டிய அறையில் வைத்தது. பருவ இதழ்ப் பிரிவு உரிய நாளில் திருப்பித் தராததால் இரண்டு பிரிவுகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றது. ஒவ்வொரு பிரிவும் திருப்பித் தரும்போது அனுபவ அறிக்கையும் தந்தது. “பயன்படுத்த மிக எளிது,” என்று எழுதினார் மனாங் பிலர். “சத்தம் இல்லை. இடத்தை அடைக்கவில்லை. எங்கள் ஊழியர்களுக்கு இதனால் எந்த வேலையும் கூடவில்லை.”

ஆர்லின் அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தாள். சிரிப்பு வரும் என்று பார்த்தாள், வரவில்லை. ஜோவிலின் தினமும் வந்து, எதுவும் கேட்காமல், மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டுப் போனாள். தன்னை நம்பி ஒருத்தி உட்கார்ந்திருப்பதைவிடத் திட்டியிருந்தால் தேவலை என்று ஆர்லினுக்கு இருந்தது.

*

பட்டமளிப்புக்கு முந்தைய வாரம் மணிலாவிலிருந்து தரச்சான்றுக் குழு வந்தது. மூன்று பேர். அதற்குள் கணக்கு திறந்திருந்தது. இந்த மென்பொருளை எப்படிப் பகிர்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க, டாக்டர் கஸ்பில்லோ அரங்கத்தில் நேரடியாகவே காட்டுவதாகச் சொல்லிவிட்டார்.

ஐந்து தலைவர்களும் வரிசையில் வந்தார்கள். ஒருவர் தட்ட, நால்வர் சுவரைப் பார்த்தார்கள். சபையும் கண்ணை மூடிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. மனாங் பிலர் போகும்போது சிலுவை போட்டுக்கொண்டார். திறந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மணிலாக்காரர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “முடிஞ்சுதா, இப்பத்தான் ஆரம்பமா?” என்று கேட்டார்.

“சோதனைக்கு ஒரு சாதாரண வாசகர் வேணும்,” என்றாள் ஆர்லின். கதவருகே நின்ற ஜோவிலினைக் கூப்பிடத் திரும்பினாள். அதற்குள் டாக்டர் கஸ்பில்லோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னை விடச் சாதாரணமானவ யாரு இருக்கா?”

ஆர்லின் விதியைச் சொன்னாள். “மனசுல என்ன தோணுதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யணும், மேம். மறைக்கக் கூடாது. ஒரு மாணவி மாதிரி நினைச்சுக்கிட்டு அந்தச் சான்றை எடுங்க.”

பெரிய திரையில் பக்கம் விரிந்தது.

“ஆ, வந்துட்டேன்,” என்றார் டாக்டர் கஸ்பில்லோ. “நல்லா இருக்கேன். இந்தப் படம் எடுக்கறதுக்காக ராச்சாப்பாட்டை விட்டேன். பேசறேன் பாருங்க. ‘வாசிப்பு ஒரு பெருங்கடல்.’ ம். நல்லா இருக்கே, இதை யார் எழுதினது? தும்தும்மா? நான் எதுவும் படிச்சு வருஷம் ஆச்சு, எங்க நேரம் இருக்கு. சரி. சான்று எங்க? இன்னும் பேசறேன். ‘கடலுக்குக் கரை உண்டு, வாசிப்புக்கு இல்லை.’ பேச்சுக்கும் இல்ல போல இருக்கு. கொஞ்சம் நகரும்மா.”

தன் முகத்தைத் தொட்டார். நகரவில்லை. மூக்கில் தொட்டார். நெற்றியில் தட்டினார்.

“எங்கதான் இந்தப் பொம்பளையோட வாயை மூடறது? யார் இவளை இங்க நிறுத்தினா? கேக்க ஆள் இல்லையா?”

ஐந்தாவது நிமிடம் திரை வெளுத்தது. ‘வருகைக்கு நன்றி’ என்று ஒரு வரி வந்தது. மணிலாக்காரர் மூவரும் தலையைக் குனிந்து எழுதினார்கள். வேலை போனாலும் பரவாயில்லை, உண்மை வெளியே வந்துவிட்டது என்று ஆர்லின் நினைத்தாள்.

டாக்டர் கஸ்பில்லோ மெதுவாக எழுந்தார். சட்டையை நீவிக்கொண்டார்.

“ரொம்ப அருமை. சரியான எடத்துல நிறுத்தறாங்க. இன்னும் கொஞ்சம் கேக்கணும்னு ஏங்க வெச்சுடுது.”

முதலில் மனாங் பிலர் கைதட்டினார்.

கணக்கை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் விருந்தினரோடு சாப்பிடப் போனார்கள். ஆர்லின் போகவில்லை. ஜோவிலினைப் பார்த்தாள்.

“உன் வகுப்புல எத்தனை பேர் சான்று இல்லாம நிக்கறாங்க?”

“எல்லாருமேதான், மேம்.”

“எல்லாரையும் கூட்டிட்டு வா.”

சாயங்காலம் வரை ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஐந்தாவது நிமிடம் வெளியே தள்ளப்பட்டார்கள். எல்லாம் பதிவானது.

*

மறுநாள் பகிர்வுக் குழுவின் முன்னால் ஆர்லின் முடிவுகளைப் போட்டுக் காட்டினாள். எங்கே அதிகம் தொட்டார்களோ அந்த இடத்தை அந்த மென்பொருள் சிவப்பாகக் காட்டும். பக்கம் முழுக்க வெளிறிக் கிடந்தது. டாக்டர் கஸ்பில்லோவின் முகம் மட்டும் நெற்றியிலிருந்து தாடைவரை ரத்தச் சிவப்பாக இருந்தது.

“இது என்ன?” என்றார் இயக்குநர்.

“மாணவர்கள் திரும்பத் திரும்பத் தொட்ட எடம், மேம்,” என்றார் தும்தும்.

டாக்டர் கஸ்பில்லோவின் கண் நிறைந்துவிட்டது. “இத்தனை பேரா? என்னையா?”

“மேம், அவங்க எதுக்குத் தொட்டாங்கன்னா...” என்று ஆர்லின் தொடங்கினாள். பதிலை ஜோவிலினின் வாயாலேயே கேட்கட்டும் என்று பதிவை ஓடவிட்டாள். ஜோவிலின் கலங்கிய கண்ணோடு திரையைக் குத்திக்கொண்டே, “ஐயோ, மாதாவே! மாதாவே! போதுமே!” என்று அலறினாள்.

“மாதாவேங்கறா,” என்றார் மனாங் பிலர், தழுதழுத்து.

“புத்தகத்தைத் தேடற பொட்டியை யாருமே தொடலையே,” என்றார் தும்தும். “அது தேவையே இல்ல போல இருக்கு. எடுத்துடலாமா?”

படத்தைப் பெரிதாக்குவது என்றும், பேச்சைப் பதினான்கு நிமிடமாக்குவது என்றும் ஒருமனதாக முடிவாயிற்று. ஆர்லின் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜோவிலின் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. எழுந்து, இருக்கிற உண்மையையெல்லாம் கத்திவிடலாமா என்று இருந்தது. கத்தினாலும் அது தாலாட்டாகத்தான் வெளியே வரும் என்பதும் தெரிந்தது.

டாக்டர் கஸ்பில்லோ நன்றி சொல்ல எழுந்திருந்தார். “இவ்வளவு அன்போட தொடற கையை நாம வெறுங்கையா அனுப்பக் கூடாது. என்னைத் தொட்டவங்களுக்கு என் கதவு எப்பவும் திறந்தே இருக்கும்.”

ஆர்லின் நிமிர்ந்தாள்.

“மேம், இதை அப்படியே குறிப்புல எழுதிக்கலாமா?”

“எழுதிக்கோ. எழுத வேண்டிய வாக்கியம்தான்.”

“நீங்க சொன்னதை நடைமுறைக்குக் கொண்டுவந்துடலாமா?”

“தாராளமா!”

ஆர்லின் தும்தும் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்கள்ல சார்? தொட்டா கதவு திறக்கணும். மேமோட உத்தரவு. முகத்துல எங்க தொட்டாலும் மேம் விலகி, பின்னாடி இருக்கறது வரணும்.”

தும்தும் யோசித்தார். “இது பேச்சும் இல்ல, பாதுகாப்பும் இல்ல. எந்தப் பிரிவுல வரும்?”

“அன்புல,” என்றாள் ஆர்லின்.

குழு அதையும் ஏற்றுக்கொண்டது.

இரண்டு நாளில் புதிய படம் வந்தது. ஓரமே தெரியாத முகம். ஜோவிலின் ஆர்லினின் மேசையில் கைபேசியை வைத்து, பயந்து பயந்து மூக்கின் நுனியைத் தொட்டாள். ‘வாசிப்பு ஒரு பெ—’ என்று தொடங்கிய டாக்டர் கஸ்பில்லோ சட்டென்று மறைந்தார். பட்டன் நின்றது. அமுக்கினாள். சான்று வந்தது. அவள் மேசையைச் சுற்றி ஓடிவந்து ஆர்லினைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதிரே படித்துக்கொண்டிருந்தவர்கள் ‘ஷ்’ என்றார்கள்.

அந்த மாத அறிக்கையோடு டாக்டர் கஸ்பில்லோவே விசாரணை மேசைக்கு இறங்கி வந்தார்.

“தொடறவங்க எண்ணிக்கை எக்கச்சக்கமா ஏறியிருக்கு, ஆர்லின். ஆனா ஒரு வினாடிகூட நிக்க மாட்டேங்கறாங்களே, ஏன்?”

“அந்த ஒரு தொடலிலேயே மனசு நிறைஞ்சுடுது, மேம். நிறைஞ்சு உள்ள போயிடறாங்க.”

“அப்படித்தான் நானும் நினைச்சேன்.” குரலைத் தாழ்த்தினார். “பல்கலைக்கழகத் தலைவர் காதுக்கு விஷயம் போயிருக்கு. அவருக்கும் இதே மாதிரி வேணுமாம். மென்பொருளை அவர் ஆபீஸோட பகிரச் சொல்றார்.”

பத்து எழுத்தை ஆறு பேருக்குப் பிரிப்பது எப்படி என்று ஆராய ஒரு குழு அமைந்தது. அது இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. தலைவரின் படம் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவர் பக்கவாட்டில் பார்த்துச் சிரிக்கும் படம் ஒன்றைப் பல்கலைக்கழகத்தின் முதல் பக்கத்தில் போட்டார்கள். தேர்வு முடிவுகள் வெளியான அன்று அதைத் திறந்துவைத்தார்கள்.

யாரும் இன்னும் மூடாத அந்தக் கணக்கில், சாயங்காலத்துக்குள் அவர் கன்னம் சிவந்துவிட்டது.